வாசித்துக் காட்டாமல் வாங்கிய கையெழுத்துகள்

மகனே,

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உன் கலியாண ஓலையை முதல் முறையாக வாசித்தார்கள். போதகர் ஐயா உன் பெயரையும் அந்தப் பெண்ணின் பெயரையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். இவர்கள் மணம் முடிப்பதில் யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கலாம் என்று சொல்லிவிட்டு ஒரு கணம் எல்லோரையும் பார்த்தார். நீ ஆண்கள் பக்கம் தூணை ஒட்டி உட்கார்ந்திருந்தாய். வீட்டுக்கு வருவாய் என்று காலையிலேயே கறி எடுத்து வைத்திருந்தேன். நீயோ வாசலில் நாலு பேருக்குக் கைகொடுத்துவிட்டு நேரே ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறிவிட்டாய். “கோர்ட்டு வேலை இருக்கும்” என்றார் உன் அப்பா. ஞாயிற்றுக்கிழமை எந்தக் கோர்ட்டு திறந்திருக்கிறது? நீ என்னோடு முகம்கொடுத்துப் பேசி எட்டு மாதம் ஆகிறது. வருகிறாய், காப்பி குடிக்கிறாய், கேட்டதற்குப் பதில் சொல்கிறாய், போய்விடுகிறாய். உன் அறையில் வாடகை எவ்வளவு என்றுகூட உன் அப்பாவைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

காரணம் எனக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியும். அதைத்தான் எழுதப் போகிறேன். இதை உறையில் போட்டு ஒட்டவில்லை. ஒரு பிரதி உனக்கு. இன்னொன்றை ஊராட்சி அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒட்ட மாட்டேன் என்றால் நானே பசை எடுத்துக்கொண்டு போவேன். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, என்ன செய்கிறோம் என்று தெரியவில்லை என்று நினைக்காதே. அறுபத்தொரு வயதில்தான் சில விஷயங்கள் எனக்குப் புரிகின்றன. அதுதான் என் வருத்தமே.

நீ பிறப்பதற்கு முன்னால் நடந்ததிலிருந்து சொல்ல வேண்டும். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஊருக்கு ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். சம்பளம் கிடையாது. படித்த பெண் என்ற மிதப்பில் நானே முன்வந்தேன். சத்துணவுக் கூடத்தில், காட்டு வேலை முடிந்து குளித்துவிட்டு வந்த முப்பது பெண்கள் உட்காருவார்கள். முன் வரிசையில் எப்போதும் வெள்ளைத்தாய். நீ பெரியம்மா என்று கூப்பிடுவாயே, அவள்தான். களைக்கொத்தியைப் பிடிப்பதுபோல எழுதுகோலைப் பிடித்துப் பலகையைக் கிழிக்கிற மாதிரி எழுதுவாள். அவள் பெயரை முழுதாக எழுதிக் காட்டிய அன்று, “ஏ ஆத்தா, எம் பேரு இம்புட்டு நீளமா டீச்சர்? கூப்பிடும்போது தெரியலையே” என்றாள். கூடமே சிரித்தது. மறுநாள் போய்ப் பார்த்தால், வீட்டுச் சுவரில் கதவுக்குப் பக்கத்தில் கரித்துண்டால் எழுதி வைத்திருக்கிறாள். அந்த முப்பது பேரும் கையெழுத்துப் போடக் கற்றது என்னிடம்தான். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே நல்ல காரியம் என்று இதைத்தான் உனக்கு அடிக்கடி சொல்வேன். நீ சலித்துப்போய், “ஆரம்பிச்சுட்டாங்கய்யா” என்று எழுந்து போவாய்.

அந்த நல்ல காரியத்தை நானே எப்படிக் கெடுத்தேன் என்பதை உனக்குச் சொன்னதில்லை. பிறகு மகளிர் குழுக்கள் வந்தன, நான் குழுத் தலைவி ஆனேன். நம் ஊர்க் கிராம சபைக்கு ஆண்களே சரியாக வர மாட்டார்கள், பெண்கள் எங்கே வருவது? ஆனால் இத்தனை பேர், அதில் இத்தனை பெண்கள் என்று கணக்கு இல்லாவிட்டால் கூட்டம் செல்லாது, மறுபடி கூட்ட வேண்டும். ஊராட்சிக் கிளார்க் ஒருநாள் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்தார். “டீச்சர், ஆள் பத்தல. நீங்க சொன்னா பொம்பளையாளுக போடுவாக. செத்த நேரம் ஒரு சுத்து வாங்கிக் குடுங்களேன்” என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. மேலேயிருந்து நெருக்குவார்கள், அவர் கீழே நம்மைக் கெஞ்சுவார். நான் வாங்கிக் கொடுத்தேன். முதல் தடவை கூட்டம் முடிந்த பிறகு வாங்கினேன். அடுத்த வருடம் கூட்டத்துக்கு முன்னாலேயே வாங்கினேன். அதற்குப் பிறகு தீர்மானம் எழுத வேண்டிய பக்கங்களை வெறுமையாக விட்டு, பின்பக்கங்களில் கையெழுத்தை மட்டும் வாங்கினேன். இது தவறு என்று எனக்குத் தோன்றவே இல்லை. நம் சர்ச் தெருவுக்குத் தெருவிளக்கு கேட்டேன், ஒரே வாரத்தில் வந்தது. குழாய் கேட்டேன், வந்தது. ஒன்றிய அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். ஊருக்காக உழைக்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது உண்மையில் அந்த நாற்காலி கொடுத்த பெருமைதான்.

ஒரே ஒருத்திதான் ஒரு தடவை கேட்டாள். பருத்திச் சுமையை இறக்கி வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு பதிவேட்டை வாங்கிய வெள்ளைத்தாய், முன்பக்கம் புரட்டிப் பார்த்தாள். “ஒண்ணுமே எழுதலையே. என்ன விசயம் டீச்சர்? எழுதுன பொறவு வாசிச்சுக் காட்டுங்க, போடுதேன்” என்றாள். எனக்குச் சுருக்கென்று வந்தது. இன்னும் பதினாலு வீடு பாக்கி, இருட்டப் போகிறது. என் மூக்கு நுனிக் கோபம்தான் உனக்குத் தெரியுமே. “ஏட்டி, எனக்குத் தெரியாம எதுவும் எழுதிருவாகளா? போடு. நான் இருக்கேன்லா” என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு குனிந்து போட்டாள். எழுதியதை வாசித்துப் பார்க்கத்தான் அவளுக்கு எழுத்தே சொல்லிக்கொடுத்தேன். அவள் வாசிக்கக் கேட்டபோது நானே தடுத்தேன். அன்று வீட்டில் இல்லாத மூன்று பேருக்கு நானே போட்டேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். ஒருத்தி மில்லுக்குப் போயிருந்தாள், ஒருத்தி மகள் வீட்டுக்கு, இன்னொருத்தி மதுரை ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குப் படுத்திருந்தாள். என்னிடம் எழுதப் பழகிய கைகள்தானே, எனக்கு அது கஷ்டமாகவே இல்லை.

அடுத்த கோடையில் கண்மாயில் மண் எடுக்க வண்டிகள் வந்தன. வயலுக்கு வண்டல் அடிக்கிறார்கள் என்றார்கள், சந்தோஷப்பட்டோம். வண்டல் நாலு நாளில் முடிந்தது. மண் மட்டும் இரண்டு மாதம் போனது. டிப்பர் லாரிகள் எந்த வயலுக்கும் போகவில்லை, மெயின் ரோட்டில் ஏறிப் போயின. உன் அப்பா தறிக்குப் போகும்போது பார்த்துவிட்டு வந்து சொன்னார், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஐப்பசியில் அய்யனார் கோவில் மலைப்பக்கம் நல்ல மழை. ஓடையில் தண்ணீர் வந்து கண்மாயில் விழுந்தது, எல்லோரும் கரையில் நின்று பார்த்தோம். ஆனால் மடையைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. மடை வாய்க்கும் கீழே அவ்வளவு ஆழம் தோண்டியிருக்கிறார்கள். தண்ணீர் பள்ளத்தில் கிடக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது, வயலுக்கு ஏறாது. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் கடைமடை வயல்கள் காய்ந்தன. வெள்ளைத்தாயின் அறுபது சென்ட்டும் அதில் ஒன்று. அவள் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றியதைப் பார்த்தேன். நெல்லுக்குக் குடத்தில் ஊற்றுகிற ஒருத்தியை நான் அன்றுதான் பார்த்தேன். அந்த வருடம் அறுக்கவில்லை, மாட்டை விட்டு மேய்த்தார்கள். அதற்குப் பிறகு இன்றுவரை அந்த வயல் தரிசுதான்.

உனக்குத்தான் ரத்தம் கொதித்தது. சட்டம் முடித்து அப்போதுதான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சீனியரிடம் சேர்ந்திருந்தாய். யார் அனுமதி கொடுத்தது, எவ்வளவு ஆழத்துக்குக் கொடுத்தது, ஊர் எப்போது சம்மதித்தது என்று தகவல் கேட்டு மனு எழுதினாய். நம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துதான் எழுதினாய். வெள்ளைத்தாய் வாசற்படியில் உட்கார்ந்து, “தம்பி, நல்லா அழுத்தி எழுதுங்க” என்றாள். பத்து ரூபாய் ஸ்டாம்பை நான்தான் நாக்கில் தடவி ஒட்டிக் கொடுத்தேன். “விடாதலே” என்றேன். மகன் ஊருக்காகக் கேள்வி கேட்கிறான் என்று எனக்கு அவ்வளவு பெருமை. நம்பு, அந்தப் பதிவேடு எனக்கு நினைவுக்கே வரவில்லை. முப்பது நாளில் பதில் வரவில்லை. மேல்முறையீடு செய்தாய். அலைய விட்டார்கள், அலைந்தாய். கடைசியில் நகல்கள் வந்தன.

நீ அந்தத் தாள்களை மேஜையில் பரப்பினாய். கண்மாயில் மண் எடுத்துக்கொள்ள ஊருக்கு ஆட்சேபணை இல்லை என்று கிராம சபை ஒருமனதாகத் தீர்மானித்தது என எழுதியிருந்தது. கீழே நாற்பத்தொரு கையெழுத்து. ஆஸ்பத்திரியில் கிடந்தவளின் கையெழுத்தில் உன் விரல் நின்றது. தீர்மானத்தில் தேதி போட்டிருந்த அந்த வாரம் அவளுக்கு நீதானே ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாய். “இத யாரும்மா போட்டது?” என்றாய். நான் அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று எழுந்து போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. திரும்பி வந்தபோது தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டாய். “இத நானும் பார்க்கல. நீங்களும் பார்க்கல” என்றாய். உன் குரல் எனக்குப் புதிதாக இருந்தது. அந்த நிமிடம் நான் உன் பையைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும். நான் உனக்குத் தட்டு எடுத்து வைத்தேன்.

மறுநாள் காலை நீ கிளம்பும்போது வெள்ளைத்தாய் புல்லுக்கட்டோடு வாசலில் நின்று, “தம்பி, காயிதம் வந்துச்சா?” என்றாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். “இன்னும் வரல பெரியம்மா” என்றாய். சின்ன வயதில் பரீட்சையில் மார்க் குறைந்தால்கூட நேரே வந்து சொல்கிற பிள்ளை நீ. எனக்காக நீ சொன்ன முதல் பொய் அது. எனக்குச் சிறை வரும், ஊர் சிரிக்கும், சர்ச்சில் தலைகாட்ட முடியாது என்றெல்லாம் நீ யோசித்திருப்பாய். அந்த வாரமே அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாய். நீ கோபித்துக்கொண்டு போனதாக உன் அப்பா நினைத்தார். அவள் இன்னொரு தடவை கேட்டுவிடக் கூடாது என்றுதான் போனாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சும்மா இருந்தேன். உன் பொய்யின் நிழலில் நான் எட்டு மாதம் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

உன் கலியாணம் முடிவான பிறகுதான் ஊரில் பேச்சு மாறியது. ரேஷன் கடை வரிசையில் என் முன்னால் நின்ற வெள்ளைத்தாய் திரும்பி, “தம்பி பெரிய வக்கீலாயிட்டாவ. நம்ம காயிதத்த மறந்துட்டாவ போல. அவியள யாரும் சரிக்கட்டிட்டாகளோ என்னமோ டீச்சர்?” என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. வரிசையில் இருந்தவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் செய்ததற்கு நீ விலைபோனவன் என்று பெயர் வாங்குகிறாய். அன்று அரிசி வாங்காமல் வந்துவிட்டேன். மறுநாள் அவள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தகவல் எட்டு மாதத்துக்கு முன்பே வந்துவிட்டது, அதில் அவள் கையெழுத்தும் இருக்கிறது, வாங்கியவள் நான் என்றேன். அவள், “வாசிச்சுக் காட்டுங்கன்னு கேட்டேன்லா டீச்சர்” என்றாள். அவ்வளவுதான். மன்னித்துவிடு என்று நான் ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள். “எங்கிட்ட எதுக்குச் சொல்லுதீக? எம் வயலு மட்டுமா காஞ்சது? சபையில சொல்லுங்க.”

காந்தி ஜெயந்தி கிராம சபையில் சொன்னேன். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல். எழுந்து நின்றேன். அந்தத் தீர்மானத்தை ஊர் போடவில்லை, வெற்றுப் பக்கத்துக்கு நான் கையெழுத்து வாங்கினேன், மூன்றை நானே போட்டேன் என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். கிளார்க் முகம் வெளுத்து, “டீச்சர், உட்காருங்க. பொறவு பேசிக்கிடலாம்” என்றார். “பொறவு பொறவுன்னுதானே இம்புட்டு வந்துச்சு” என்றேன். பழைய தீர்மானம் மக்களுக்கு வாசிக்கப்படவில்லை என்றும், மடைக்குக் கீழே தோண்டியதை அளந்து பார்த்து ஊர் முன்னால் சொல்ல வேண்டும் என்றும் புதுத் தீர்மானம் எழுதச் சொன்னோம். எழுத மாட்டேன் என்றார்கள். பெண்கள் எழுந்து போகவில்லை. ஒரு மணி நேரம் வெயிலில் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் எழுதி, இரண்டு தடவை சத்தமாக வாசித்த பிறகுதான் பதிவேடு சுற்றி வந்தது.

வெள்ளைத்தாயிடம் வந்தபோது அவள் பேனாவைத் தொடவில்லை. “மை டப்பா இருக்கா?” என்றாள். “உங்களுக்குத்தான் கையெழுத்துத் தெரியுமே” என்றார் கிளார்க். “எனக்கு மட்டுமா தெரியும்? டீச்சருக்கு எல்லாரு கையெழுத்தும் தெரியும். எம் வெரலு எனக்கு மட்டுந்தான் இருக்கு” என்றாள். பெருவிரலை மையில் ஒற்றி, என் கண் முன்னால் அழுத்தி உருட்டி வைத்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் அதையே செய்தார்கள். முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் நான் சொல்லிக்கொடுத்ததை எல்லார் முன்னாலும் என்னிடமே திருப்பிக் கொடுத்தார்கள். நான் அழுதேன் மகனே. மறைக்க முயலவில்லை.

இனி நீ செய்ய வேண்டியது. அந்த நகல்களைப் பையிலிருந்து எடு. வழக்குப் போடு, இந்தக் கடிதத்தையும் அதோடு சேர். யார் யார் என்ன செய்தார்கள் என்று எழுதும் இடத்தில் என் பெயரை விட்டுவிடாதே. பாதிப் பேரை மறைத்துக்கொண்டு மீதிப் பேரிடம் கணக்குக் கேட்க முடியாது. எனக்கு என்ன வருமோ வரட்டும், சம்பந்தி வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். உன்னைக் கட்டப்போகிற பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “எழுதிக் குடுத்திருங்க அத்தை” என்றாள். நல்ல பெண்ணாகத்தான் பார்த்திருக்கிறாய். ஒரு பிள்ளையின் கலியாணத்துக்கு மூன்று ஞாயிறு ஊரைக் கூட்டி ஆட்சேபணை உண்டா என்று கேட்கிற நாங்கள், நூறு குடும்பம் பிழைக்கிற கண்மாய்க்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் தொழிலிலும் வெற்று வக்காலத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்கிற பழக்கம் உண்டு என்று கேள்விப்படுகிறேன். நீ அப்படி வாங்காதே. வருகிறவர் எவ்வளவு அவசரப்பட்டாலும், உன்னை எவ்வளவு நம்பினாலும் வாசித்துக் காட்டு. நான் இருக்கேன்லா என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதே.

நேற்று வெள்ளைத்தாய்க்கு உன் கலியாணப் பத்திரிகை கொடுக்கப் போனேன். வாங்குவாளோ மாட்டாளோ என்று பயந்துகொண்டேதான் போனேன். உட்காரச் சொல்லவில்லை. பத்திரிகையைப் பிரித்து, முதல் வரியிலிருந்து விரல் வைத்து எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசித்தாள். தாத்தா பாட்டி பெயர், உன் பெயர், பெண்ணின் பெயர், நாள், நேரம், பந்தி நடக்கும் இடம் என்று ஒன்றையும் விடவில்லை. அடியில் பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் வாசித்தாள். ரொம்ப நேரம் ஆனது. நான் நின்றுகொண்டே இருந்தேன். முடித்ததும் மடித்துத் தகர டப்பாவுக்குக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “தம்பிக்காக வாரேன்.”

அம்மா